ஜிபிஎஸ்ஸில் குறித்த இடங்கள் அழிந்துபோவது பற்றி

பாம்பன் அண்ணனுக்கு வணக்கம். படகு ஜிபிஎஸ்ஸை அணைத்தால், மீன்படும் இடங்களின் குறிப்பெல்லாம் மறுநாள் அழிந்துவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெட்டி பழசு என்பதால் நினைவகம் எஸ்ரேம் (SRAM) வகையாக, அதாவது மின்சாரம் இருக்கும்வரை மட்டும் பதிவைக் காக்கும் வகையாக இருக்கலாம். அதில் ஒரு பிட்டுக்கு, அதாவது 0 அல்லது 1 என்ற ஒரு பதிவுக்கு, பெரும்பாலும் 6 டிரான்சிஸ்டர் (மின்சாரத்தால் இயங்கும் குட்டி சுவிட்ச்). அவற்றில் 4, ஒன்றையொன்று தாங்கிப் பிடித்து 0 அல்லது 1 என்ற நிலையைக் காப்பாற்றும். மின்சாரம் நின்றால் பிடி விட்டுப்போகும். அதற்காகத்தான் உள்ளே சின்ன பட்டன் பேட்டரி; அது தீர்ந்துபோயிருந்தால் குறிப்புகள் அழிந்துவிடும். 3 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டரில் 2.5க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். நம்ம உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூத்திருக்கும், அதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதுவரை, அணைப்பதற்கு முன் இடங்களை நோட்டில் எழுதிவிடுங்கள், தயவுசெய்து. அப்புறம், புதுசு வாங்கினால் ஃபிளாஷ் நினைவகம் உள்ளதாகக் கேளுங்கள். அதில் எலக்ட்ரான்கள் மின்காப்புக்குள் அடைபட்டிருப்பதால் பேட்டரி இல்லாமலே பல வருஷம் பதிவு நிற்கும்.