பெண்கள் நலத்தில் ஃபெலோஷிப்: யாழ். வைத்தியர்களின் கேள்விகளும் பதில்களும்

மானிப்பாய், வைத்திய அதிகாரி: சேர், வெளிநாட்டில் ஒரு வருட பெண்கள் நல ஃபெலோஷிப் (குறித்த ஒரு துறையில் மேலதிகப் பயிற்சி) முடித்துவிட்டு வந்தால் இங்கே விசேட வைத்திய நிபுணர் ஆகலாமா?

ஆக முடியாது. அரச வைத்தியசாலையில் நிபுணர் என்று ஏற்பது, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் (பி.ஜி.ஐ.எம்.) போர்ட் சான்றிதழ் கொடுத்தவர்களைத்தான். தெரிவுப் பரீட்சை, ரெஜிஸ்ட்ரார் பயிற்சி, எம்.டி. இறுதிப் பரீட்சை, பிறகு சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலமும் வெளிநாட்டுப் பயிற்சியும். இந்த ஒழுங்கில் ஒரு படியையும் ஃபெலோஷிப்பைக் காட்டித் தாண்ட இயலாது. நிபுணரானவர் தன் துறையில் ஒரு மூலையை ஆழப்படுத்தவும், குடும்ப மருத்துவர் தன் கிளினிக்கில் ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்யவும் ஃபெலோஷிப் உதவும். விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும் அவ்வளவுதான்.

யாழ்ப்பாணம், பொது மருத்துவத்தில் எம்.டி. பயிற்சியாளர்: நான் பிரசவம் பார்ப்பவள் அல்ல. எனக்கு இதில் என்ன இருக்கிறது?

உங்களுக்குத்தான் நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் இந்த ஃபெலோஷிப்கள் உருவானதே உள் மருத்துவர்களுக்காக. அங்குள்ள முன்னாள் படைவீரர் நலத் திணைக்களம் 1994 இல் தன் பெண்கள் நல ஃபெலோஷிப்பைத் தொடங்கியது. பெரும்பாலானவை 1 முதல் 2 ஆண்டுகள். கருத்தடை, மாதவிடாய் நிறுத்தம், எலும்புத் தேய்வு, மார்புக் கட்டிகளை ஆராய்தல், கர்ப்பத்தோடு வரும் நாட்பட்ட நோய்கள், குடும்ப வன்முறையைக் கேட்டறிதல் என்பன பாடங்கள்.

எங்கள் விடுதிகளில் கைநழுவிப் போவதைப் பாருங்கள். கர்ப்பகால நீரிழிவைக் கண்டுபிடிப்பதில் குறையில்லை. 75 கிராம் குளுக்கோஸ் சோதனையில் வெறுவயிற்றில் 5.1, 1 மணியில் 10.0, 2 மணியில் 8.5 மி.மோல் என்ற எல்லைகள் எல்லோருக்கும் மனப்பாடம். பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் அதே சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும் என்பதுதான் விடுபடுகிறது. பிரசவ விடுதி அனுப்பிவிட்டது, மருத்துவ கிளினிக்குக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தத் தாய் சில வருடம் கழித்து உங்களிடம் வருவது முழு நீரிழிவோடு. இன்னொன்று, ஓரா (தலையிடிக்கு முன் கண்ணில் ஒளி மினுங்குவது போன்ற அறிகுறி) உள்ள மைக்ரேன். தலையிடிக்கு மருந்து எழுதுபவர் அவள் ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரை குடிக்கிறாளா என்று கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி அட்டவணையில் அது 4 ஆம் வகை, அதாவது கொடுக்கவே கூடாது. இந்த இடைவெளிகளை மூடப் பழகுவதுதான் உங்கள் ஃபெலோஷிப்.

தெல்லிப்பழை: அப்படியென்றால் நேரே அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கலாமா?

அங்கே ரெசிடென்சி (அந்நாட்டு வைத்தியசாலைப் பட்டப்பின் பயிற்சி) முடிக்காதவருக்கு அநேகமாகக் கதவு மூடித்தான் இருக்கும். அதற்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

பருத்தித்துறை, பெண்ணோயியல் விடுதி சீனியர் ஹவுஸ் ஒஃபிசர்: எம்.ஆர்.சி.ஓ.ஜி. (பிரித்தானிய மகப்பேற்று, பெண்ணோயியல் கல்லூரியின் பரீட்சை) எடுத்து பிரித்தானியாவுக்குப் பயிற்சிக்குப் போவது எப்படி?

மூன்று பகுதிகள். முதலாவதில் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் 100 கேள்வி, இரண்டரை மணி நேரம். முழுக்க அடிப்படை விஞ்ஞானம். பத்து வருடம் சீசர் செய்த கை கருவியலிலும் புள்ளிவிபரத்திலும் தடுக்கி விழுவது இங்கேதான். உள்ளகப் பயிற்சி முடிந்த சூட்டோடு எழுதிவிடுவது நல்லது. இரண்டாவதிலும் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றுக்கும் 3 மணி நேரம், 50 ஒற்றைவிடை, 50 பொருத்தும் வினா. பொருத்தும் வினாக்களுக்கே 60 வீதப் புள்ளி. அதனால் ஒற்றைவிடைகளை 70 நிமிடத்தில் முடித்து மிச்சம் 110 நிமிடத்தை மற்றதற்கு வைக்கவேண்டும். மூன்றாவது நேரடிப் பரீட்சை. 14 நிலையங்கள், வாசிக்கும் நேரத்தோடு ஒவ்வொன்றும் 12 நிமிடம்.

எம்.டி.ஐ. (வெளிநாட்டு வைத்தியர்களுக்கான பிரித்தானியப் பயிற்சித் திட்டம்) வழியில் போனால் ஆகக் கூடியது 24 மாதம் வேலையோடு பயிற்சி. அனுசரணை இருப்பதால், வெளிநாட்டு வைத்தியர்கள் பிரித்தானியாவில் பதிவுபெற எழுதும் பிளாப் பரீட்சை தேவையில்லை. ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். அகடமிக்கில் மொத்தம் 7.5, நான்கு பிரிவிலும் 7.0 க்குக் குறையாமல், ஒரே அமர்வில் வேண்டும். பலருக்கு எழுத்தில்தான் 6.5 வந்து நிற்கும். சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓ.ஈ.ரி. எழுதுவதானால் ஒவ்வொரு பிரிவிலும் பி தரம். பரிந்துரைக் கடிதம் எழுதுவது ஓ.ஈ.ரி.யில் ஒரு பகுதி என்பதால் வைத்தியர்களுக்கு அது கொஞ்சம் கைவந்த வேலை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால், கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயர் வேறு, எழுத்துக்கூட்டலும் இடத்துக்கு இடம் மாறும். எபிக் என்ற இணையவழிப் பட்டச் சான்றிதழ் சரிபார்ப்பில் பெயர் பொருந்தாவிட்டால் கோப்பு அப்படியே நின்றுவிடும். விண்ணப்பிக்க முன்பே எல்லா வடிவங்களையும் குறிப்பிட்டு ஒரு சத்தியக் கடதாசி முடித்து, விவாகப் பதிவின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் எடுத்து வையுங்கள்.

சங்கானை, குடும்ப மருத்துவர்: வெளிநாடு போக வழியில்லை. மாதவிடாய் நிறுத்தம் பற்றி முறையாகப் படிக்க விருப்பம்.

அமெரிக்காவின் மெனோபோஸ் சொசைட்டி (2023 வரை நாம்ஸ் என்று இருந்தது) நடத்தும் பரீட்சையை மற்ற நாட்டு வைத்தியர்களும் எழுதலாம். சான்றிதழை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். ஆனால் பரீட்சையில் சித்தி வேறு, மருந்துச் சீட்டு எழுதுவது வேறு. கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரஜனைத் தனியே கொடுத்தால் கருப்பை உள்வரி தடித்துவிடும். கூடவே மைக்ரோனைஸ்ட் புரொஜெஸ்ட்ரோன் நாளுக்கு 100 மி.கி. தொடர்ச்சியாக, அல்லது 200 மி.கி. மாதத்தில் 12 நாள் போகவேண்டும். இரத்தம் உறையும் ஆபத்து உள்ளவருக்கு மாத்திரையை விடத் தோலில் ஒட்டும் பட்டி நல்லது. காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள், ஹோர்மோன் பிறகு.

வேலணை, சுகாதார வைத்திய அதிகாரி: லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்), ஜடெல் (கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சிகள்) இரண்டிலும் கைப்பழக்கம் வேண்டும். பயிற்சியில் எதைப் பார்க்கவேண்டும், மடம்?

நான் மடம் இல்லை, சேர்தான். பரவாயில்லை.

வைப்பதை விட எடுப்பதை அதிகம் பார்க்கும் இடத்தைத் தேடுங்கள். ஜடெலில் 75 மி.கி. லெவோநோர்ஜெஸ்ட்ரெல் உள்ள இரண்டு குச்சிகள், 5 வருடத்துக்கு. பிழைப்பது அநேகமாக ஆழத்தில்தான். குச்சியை உள்ளே செலுத்தும் ஊசிக்குழாயான ட்ரோகார் முன்னே போகும்போது அதன் நுனி தோலைக் கூடாரம்போல் மேலே தூக்கிக்கொண்டே போகவேண்டும். அந்த மேடு மறைந்தால் நீங்கள் தசைக்குள் போகிறீர்கள். முடித்ததும் இரண்டு குச்சியையும் நீங்களும் தொட்டுப் பாருங்கள், அவரும் தொட்டுப் பார்க்கட்டும். தட்டுப்படாத குச்சியைக் கத்தியால் தேடக்கூடாது, ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

லூப்பில் பயப்படவேண்டியது கருப்பை துளைபடுவது. பின்பக்கம் சாய்ந்த கருப்பையைக் கையால் பார்த்து அறியாமல் சவுண்டை (ஆழம் அளக்கும் கம்பியை) நேரே தள்ளுவதுதான் பெரும்பாலும் காரணம். பாலூட்டும் தாய்மாரில் ஆபத்து இன்னும் கூட. கருப்பைக் கழுத்தை இழுத்துப் பிடித்து வளைவை நேராக்கி, ஆழம் அளந்த பிறகுதான் லூப் உள்ளே போகவேண்டும்.

கோப்பாய்: தமிழ்நாட்டில் மூன்று மாதப் பயிற்சிகள் வருகின்றன. மொழிப் பிரச்சினையும் இல்லையே?

மொழி சரி, கை சரியா என்று கேளுங்கள். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிக அனுமதி இல்லாமல் வெளிநாட்டு வைத்தியர் நோயாளியைத் தொட முடியாது. அனுமதி யார் எடுத்துத் தருவது, எத்தனை செயல்முறை உங்கள் கையால் நடக்கும் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் பணம் கட்டவேண்டும். பார்வையாளராக நின்று வாங்கும் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

யாழ்ப்பாணம்: குடும்பத் திட்டமிடலில் மேல்நிலை ஃபெலோஷிப் பிரயோசனப்படுமா?

பாதி படும். அமெரிக்காவில் அது 2 வருடம், மகப்பேற்று நிபுணர்களுக்கு. கருக்கலைப்பு அதில் பெரும் பங்கு. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அதற்கு இடமுண்டு. இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கான கருத்தடை, பழுதான கருச்சிதைவைக் கையாளுதல் ஆகியவை மட்டும் இங்கே முழுதாக உதவும்.

சாவகச்சேரி: விண்ணப்பத்தோடு லொக்புக் கேட்கிறார்கள். என்ன எழுதுவது?

திகதி, வயது, செயல்முறை, நீங்கள் செய்தீர்களா உதவினீர்களா, சிக்கல், மேற்பார்வையாளரின் கையெழுத்து. நோயாளியின் பெயரோ படுக்கைச்சீட்டு இலக்கமோ வேண்டாம். கையெழுத்தை அந்த வாரமே வாங்குங்கள். நிபுணர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு அவரைத் தேடி அம்பாந்தோட்டைக்கு பஸ் ஏறவேண்டி வரும்.