ஃபில்டரை இறுக்கியும் ஆயில் கசிகிறதா? பழைய ரப்பர் வளையத்தைத் தேடுங்கள்

வணக்கம் நண்பரே. நேற்று வீட்டிலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதாகவும், இன்று காலை காருக்கு அடியில் ஆயில் தேங்கியிருந்ததாகவும், ஃபில்டரை மேலும் இறுக்கியும் கசிவு நிற்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்னும் இறுக்கவும் வேண்டாம்.

கழற்றிய பழைய ஃபில்டர் கையில் இருந்தால் அதன் வாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் அங்கே இல்லையென்றால், அது என்ஜின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் புதிய வளையமும் உட்கார்ந்தால் இரண்டும் சரியாகப் பொருந்தாது. ஆயில் அழுத்தம் ஏறியதும் பிதுங்கிவிடும். சாலையில் ஓடும்போது அப்படி நடந்தால் சில நிமிடங்களில் ஆயில் வடிந்து என்ஜினே பாழாகும். எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என்ஜின் ஆறிய பிறகு புதிய ஃபில்டரைக் கழற்றுங்கள். அது உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். கறுத்த வளையம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. புதிய வளையம் நசுங்கியிருந்தால் வேறு ஃபில்டர் வாங்கிவிடுங்கள். வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையால் திருகி, அது தொட்டபின் முக்கால் சுற்று போதும். ஃபில்டரின் மேலேயே அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கசிந்து குறைந்துபோன அளவுக்கு ஆயிலை மீண்டும் ஊற்றி, ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டுக் கசிவைப் பாருங்கள். அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு அவசியம்.

ஃபில்டர் காய்ந்திருந்து பழைய ஆயிலை வெளியேற்றக் கழற்றும் வடிகால் போல்ட்டில் ஈரம் இருந்தால் அதன் வாஷரை மாற்றுங்கள்.