பெயரைப் படிக்குமுன் அடியைப் பாருங்கள்

பழைய கண்ணாடிக் குப்பிகள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த படங்களில் பெரும்பாலானவை குப்பியின் முகத்தை மட்டுமே காட்டுகின்றன. இனி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து அடியையும் வாய் விளிம்பையும் சேர்த்துப் படம் எடுங்கள். முகத்தில் புடைத்து நிற்கும் பெயர் அநேகமாக உள்ளே சரக்கை நிரப்பி விற்றவருடையது. குப்பி செய்தவரின் அடையாளம், இருக்கும் பட்சத்தில், அடியில்தான் கிடைக்கும்.

தாத்தா சோடா கம்பெனி நடத்தினார். மிச்சமிருக்கும் ஒரு கோலி சோடா குப்பியில் ஆங்கிலத்தில் ‘காட்’ என்று பெயர் இருக்கிறது. அவர்கள்தான் குப்பி செய்தவர்களா? – வாசகர், தக்கலை

இல்லை. ஹைரம் காட் இங்கிலாந்துக்காரர். கழுத்துக்குள் கோலி, வாயில் ரப்பர் வளையம், உள்ளே உள்ள வாயு கோலியை மேலே தள்ளி அடைத்துக்கொள்ளும் ஏற்பாடு: இதற்கு 1872-ல் காப்புரிமை வாங்கியவர். அவர் பெயர் குப்பியில் இருப்பது காப்புரிமையைச் சொல்லத்தான். செய்தது வேறு ஆலைகள். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் இருந்த டான் ரைலண்ட்ஸ் அவற்றில் பெரிய பெயர். குப்பியின் குதிகாலுக்குப் பக்கத்திலும் (பக்கச்சுவர் அடியோடு சேரும் வளைவு) அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள், தேய்ந்த எழுத்து கண்ணைவிட விரலுக்குச் சீக்கிரம் சிக்கும். உத்தரப் பிரதேசத்தின் சாஸ்னியிலும் இதே வடிவம் செய்கிறார்கள் என்பதால், வடிவத்தை மட்டும் வைத்துச் சீமைக் குப்பி என்று சொல்லிவிட முடியாது.

நம் கன்னியாகுமரிப் பகுதிக்குக் காலத்தைக் கணிக்க இன்னொரு பிடி உண்டு. சோடா கம்பெனியின் முகவரியில் ‘திருவிதாங்கூர்’ என்று இருக்கிறதா? 1949-ல் அது திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. 1956 நவம்பர் 1-ல் நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்துவிட்டோம். அச்சு தேயும்வரை பழைய முகவரியிலேயே வார்த்திருக்கலாம், ஆகவே சில ஆண்டுகள் கூட்டிக்கொள்ளுங்கள். கோலிக்காகக் குப்பியை உடைக்காத பேரப்பிள்ளைகள் வாய்த்த தாத்தா கொடுத்துவைத்தவர்.

கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா 1970-களில் கொண்டுவந்த உயரமான பச்சைக் குப்பி. நீண்ட கூர்மூடி, உடம்பெல்லாம் வைரக்கட்டம். எழுத்தே இல்லை. முரானோ என்று ஒருவர் விலை கேட்கிறார். – வாசகி, குளச்சல்

முரானோ வெனிஸ் பக்கத்துத் தீவு. உங்கள் படத்தைப் பார்த்தால் எனக்கு நினைவுக்கு வருவது ஃப்ளாரன்ஸுக்கு மேற்கே உள்ள எம்போலி. 1950-களிலிருந்து 1970-கள் வரை இந்தப் பூதக்குப்பி வடிவம் அங்கிருந்து ஏராளமாக ஏற்றுமதியானது. அச்சுக்குள் ஊதியவை. தயாரிப்பாளர் பெயரைக் கண்ணாடியில் பொறிக்காமல் காகித ஒட்டு மட்டும் ஒட்டி அனுப்புவது வழக்கம், முதல் கழுவலிலேயே அது போய்விடும். அடியைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள், பசைத்தடம் இருக்கலாம். ஸ்பெயினிலும் இதே பாணியில் செய்தார்கள். ஒட்டு இல்லாதபோது ஆலையின் பெயரைச் சொல்லி யார் விற்றாலும் வாங்கினாலும் அது ஊகம்தான். ‘இத்தாலியப் பாணி’ என்று எழுதிவைப்பதே நேர்மை. மூடி அதே குப்பியுடையதா என்பது விலையை அதைவிட அதிகம் மாற்றும்: திருகிப் பார்த்தால் ஆடாமல் உட்கார வேண்டும்.

கரைமடி வலையில் வந்த விஸ்கி குப்பி. மறுவிற்பனையை அமெரிக்கச் சட்டம் தடைசெய்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. – வாசகர், முட்டம்

சுலபம். அந்த வாசகம் 1935 முதல் 1964 வரை அமெரிக்க மதுக்குப்பிகளில் கட்டாயம். அடியில் சாய்சதுரம், அதன்மேல் வட்டம், நடுவில் ஒரு கோடு இருந்தால் ஓவன்ஸ்-இல்லினாய் ஆலை. குறிக்கு இடப்பக்க எண் ஆலையையும் வலப்பக்க எண் ஆண்டையும் சொல்லும். ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே இருந்தால் 1930-களா 1940-களா என்று குழப்பும்.

நெய்யூர் வீட்டுப் பரணில் கருநீல அறுகோணக் குப்பி, பக்கங்களில் வரிவரியாய்ப் புடைப்பு. நல்லெண்ணெய் ஊற்றி வைக்கலாமா? – வாசகி, திங்கள்சந்தை

வேண்டாம். ‘உட்கொள்ளக் கூடாது’ என்று அதிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது பாருங்கள். விளக்கில்லாத இரவில் மருந்தென்று எடுத்துவிடாமல் விரலுக்கே எச்சரிக்கை தெரிய வேண்டும் என்று அந்த வரிகள். பிரிட்டிஷ் மருந்துக்கடைகளின் வழக்கம் இது. அடியில் யு.ஜி.பி. (யுனைடெட் கிளாஸ் பாட்டில் நிறுவனம்) என்று இருந்தால் 1913-க்குப் பிந்தையது. ஜன்னலில் வையுங்கள், அழகாக இருக்கும்.

வாய்வரை அச்சுக்கோடு ஓடுகிறது. விற்றவர் 150 வருடப் பழசு என்கிறார். – வாசகர், மார்த்தாண்டம்

அச்சின் பாதிகள் சேரும் அந்தக் கோடு விளிம்பின் உச்சிவரை ஓடினால் முழு இயந்திரக் குப்பி. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் வந்ததே 1903 வாக்கில்தான். பழைய கைவேலையில் வாயைத் தனியாக முடிப்பார்கள், கோடு கழுத்திலேயே மறைந்துவிடும். அவர் சொல்லும் விலையில் பாதிக்குக் கேட்டுப் பாருங்கள்.

ஊதா நிறக் குப்பி வெயிலில் நிறம் மாறியதாமே? – வாசகர், நாகர்கோவில்

மாங்கனீசு கலந்த தெளிந்த கண்ணாடி வெயிலில் இளம் ஊதாவாகும், உண்மை. கதிர்வீச்சில் வைத்து அடர் ஊதாவாக்கி விற்பதும் உண்மை. அடியில் ‘வீட்டன், என்.ஜே.’ என்று இருந்தால் அது நியூ ஜெர்சியில் அலங்காரத்துக்காகச் செய்த பிற்காலத்துப் பொருள், வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.