கல் எடுத்தவர் பருப்புக்கீரை சாப்பிடலாமா?

கேள்வி: வயது 46, ஊர் திருப்புல்லாணி பக்கம். போன வருடம் சிறுநீரகக் கல் எடுத்தார்கள். கால்சியம் ஆக்சலேட் கல் என்று ரிப்போர்ட். பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு கொல்லையில் பருப்புக்கீரை மண்டிக் கிடக்கிறது. பச்சையாக அரைத்துக் குடித்தால் கல் கரையும் என்கிறார்கள். குடிக்கலாமா டாக்டர்?

பதில்: சாறு வேண்டவே வேண்டாம். உங்களுக்கு வந்த வகைக் கல்லைக் கரைக்கும் கீரை கிடையாது. பருப்புக்கீரையிலோ கல்லுக்குக் காரணமான ஆக்சலேட்டே ஏராளம். வெறும் வயிற்றில் பச்சைச் சாறாகக் குடித்தால் அது தடையின்றி ரத்தத்தில் சேரும். அளவு மீறினால் சிறுநீரகமே திடீரென்று பழுதாகலாம்.

கடைந்து சாப்பிடலாம், 15 நாளைக்கு ஒருமுறை, ஒரு சின்னக் கரண்டி. இலையைவிடத் தண்டில் ஆக்சலேட் குறைவு, இளந்தண்டை வீசாதீர்கள். நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கீரையைப் போட்டு 10 நிமிடம் வேகவிட்டு, நீரை வடித்துக் கொட்டுங்கள். அதற்குப் பிறகே வெந்த பாசிப்பருப்பில் சேர்க்க வேண்டும். பருப்போடு குக்கரில் ஏற்றினால் ஆக்சலேட் அத்தனையும் கடைசலிலேயே தங்கும். வடித்த நீரில் ரசம் வைப்பதும் அதேதான்.

அதே சாப்பாட்டில் ஒரு கப் தயிர் கட்டாயம். கீரையோடு தயிர் ஆகாது என்று வீட்டில் தடுப்பார்கள். உங்களுக்குத் தயிர்தான் காவல். அதிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். மதியம் கீரை, ராத்திரி தயிர் என்றால் பலனில்லை. கால்சியம் கல் என்று பயந்து பால், தயிரை நிறுத்தினால் கல் வரும் வாய்ப்பு கூடவே செய்யும்.

தொட்டுக்கொள்ளக் கருவாடு வேண்டாம், பச்சை மீன் போதும். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும், பிரஷரும் ஏறும். உங்கள் ஊர் வெயிலுக்கு, நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகுமளவு தண்ணீர் குடியுங்கள்.

டெல்மிசார்ட்டன் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. கீரையிலும் 100 கிராமுக்குச் சுமார் 500 மில்லிகிராம் இருக்கிறது. முதலில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டில் ஒன்று கூடியிருந்தாலும் இந்தக் கீரையை விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே முளைக்கும் சாரணைக் கீரைக்கும் இதே கணக்குதான்.

பறிக்கும்போது கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது பருப்புக்கீரை அல்ல. இறால் பண்ணைக் கழிவு வாய்க்கால் ஓரத்தில் விளைந்ததைத் தொடாதீர்கள்.