பனிச்சிறுத்தை சார்ட்டில் விட்டுப்போன காரணம்

பனிச்சிறுத்தை ஏன் அழிகிறது என்று உங்கள் மகள் செய்த சார்ட்டில் 'தோலுக்காக வேட்டை' மட்டும் இருப்பதால்தான் டீச்சர் 'முக்கியக் காரணம் இல்லை' என்று திருப்பியிருப்பார். ஆடுமாடுகளை அடித்ததற்காக மேய்ப்பவர்கள் அதைப் பழிவாங்கிக் கொல்வதை முதலில் சேருங்கள். 2016-இல், காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு வெளியிட்ட அறிக்கைப்படி, கொல்லப்படுபவற்றில் பாதிக்கும் மேல் இப்படித்தான் சாகின்றன.

லடாக்கில் கூரையில்லாத கல்பட்டிக்குள் ராத்திரி பனிச்சிறுத்தை குதித்தால், ஓட வழியில்லாமல் மிரளும் ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்துப் போட்டுவிடும். நம்ம கொருக்குப்பேட்டையில் நாலு ஆடு வைத்துப் பிழைப்பவருக்கு அப்படி நடந்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள், மகளுக்கே புரியும். பட்டியின் மேல் கம்பிவலை போட்டாலே ஆடும் தப்பும், சிறுத்தையும் தப்பும். அதையும் வரையச் சொல்லுங்கள்.

அப்புறம், 'அருகிய இனம்' என்று எழுதியிருந்தால் பார்த்த புத்தகம் பழசு. 2017-இலேயே ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) பனிச்சிறுத்தையை ஆபத்தில் ஒரு படி குறைவான 'அழிவாய்ப்பு இனம்' என்று மாற்றிவிட்டது. அதற்காக ஆபத்து தீர்ந்ததாக எழுதிவிட வேண்டாம், 2024-இல் வெளியான கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 718 தான்.