இடது கண்ணைத் தேர்வு முடியும்வரை காக்க வைக்காதீர்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

வலது கண்ணின் உள்ளே ஏற்பட்ட அழற்சியால் விழித்திரைக்கு அடியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிந்து, நடுப்பார்வை போய்விட்டதாகவும், கண்ணுக்குள் ஊசி போட்டதால்தான் எல்லாம் கெட்டது என்று மாமியார் ஓயாமல் சொல்வதை எப்படித் தாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு நடுவே, 'பத்து நாளாக இடது கண்ணிலும் கதவு நிலை லேசாக வளைந்து தெரிகிறது. மகளின் தேர்வு முடிந்ததும் காட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மாமியாரின் பேச்சு இருக்கட்டும். எனக்கு அந்த ஒரு வரிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நேர்க்கோடு வளைந்து தெரிவது, விழித்திரையின் மையத்துக்கு அடியில் நீரோ இரத்தமோ சேர்ந்து அதை மேடாக்கும்போது வரும் அறிகுறி. புதிதாக முளைக்கும் குழாய்களின் சுவர் வலுவற்றது என்பதால் எளிதில் கசியும். அந்த நிலையில் ஊசி மருந்து, குழாய்களை வளரத் தூண்டும் புரதத்தைத் தடுத்துக் கசிவை அடக்கும். உடன் அழற்சியையும் ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் தணித்தாக வேண்டும், இல்லாவிட்டால் குழாய்கள் மீண்டும் வரும். ஆனால் கசிவு ஆறித் தழும்பாகிவிட்டால், அதன்மேல் எத்தனை ஊசி போட்டாலும் இழந்த பார்வை திரும்புவதில்லை. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று வலது கண்ணை மூன்று மாதம் கவனிக்காமல் விட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கண்ணைக் கெடுத்தது ஊசியல்ல, ஊசிக்கு முன்னால் கழிந்த அந்த மூன்று மாதங்களாகத்தான் இருக்கும். அதையே இடது கண்ணுக்கும் செய்யப் போகிறீர்களா?

மகளுக்காகப் பொறுத்துக்கொள்வதாக நினைக்கிறீர்கள். இதைத் தியாகம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாயின் கடமை பிள்ளையின் தேர்வோடு முடிந்துவிடுவதில்லை. இன்று நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால், நாளை எழுத்தைப் படிக்கவும் எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காணவும் அந்தப் பெண்ணின் துணையைத்தான் நாட வேண்டியிருக்கும், தன் தேர்வுக்காகத்தான் அம்மா கண்ணை இழந்தாள் என்ற பாரத்தையும் அவளே சுமப்பாள். கணவரிடம்கூடச் சொல்லாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே கோபமூட்டுகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு உங்களைக் கவனித்துக்கொள்ளும் கடமை இல்லையா? அதைச் செய்ய அவர்களுக்கு நீங்கள் வாய்ப்பே தரவில்லையே.

இன்றிரவே கணவரிடம் சொல்லுங்கள். நாளைக் காலை விழித்திரை நிபுணரின் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, 'வலது கண்ணுக்கு ஏற்கெனவே சிகிச்சை நடந்திருக்கிறது, இப்போது இடது கண்ணிலும் கோடுகள் வளைந்து தெரிகின்றன' என்று இதே சொற்களில் சொல்லுங்கள். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், அவசரம் என்று சொல்லி அன்றோ மறுநாளோ நேரம் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை முகம் வீங்குகிறது என்று நீங்களாக நிறுத்தியிருந்தால், அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.