செகண்ட் ஹேண்ட் பாப்-அப் கேம்பர்: கூரை இறுகினால் கைப்பிடியை விடுங்கள்

கேள்வி: பெங்களூருவில் ஒருவர் சில வருடம் பயன்படுத்திவிட்டு ஷெட்டில் போட்டு வைத்திருந்த பாப்-அப் கேம்பர் டிரெய்லரை (கூரையை உயர்த்தி, பக்கப் படுக்கைகளை இழுத்துத் துணிக் கூடாரமாக விரித்துத் தங்கும் இழுவை வண்டி) வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். கைப்பிடியைச் சுற்றினால் கூரை பாதி உயரம் வருகிறது, அதற்கு மேல் இறுகிக்கொள்கிறது. உள்ளே துணியில் பூஞ்சை வாடை. எங்களிடம் இருப்பது பொலேரோ. மே மாதம் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஒகேனக்கல் பக்கம் போய் இரண்டு இரவு தங்க ஆசை. இதுவரை டிரெய்லர் எதையும் இழுத்ததில்லை. எதிலிருந்து தொடங்குவது? (வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: முதலில் கைப்பிடியைச் சுற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். இறுகிய இடத்தில் பலம் கொடுத்துச் சுற்றினால் மாட்டியது விடுபடாது. கம்பிவடம் அறும், இல்லையென்றால் கப்பி பிய்த்துக்கொண்டு வரும். பாதி உயரத்தில் வடம் அறுந்தால் கூரை ஒரு மூலையாகச் சரிந்து விழும். கீழே பிள்ளைகள் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கூரை எப்படி எழுகிறது என்று தெரிந்தால் பழுது எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். கைப்பிடி ஒரு வின்ச்சை, அதாவது வடம் சுற்றும் உருளையை, சுற்றுகிறது. வின்ச் ஒரு தாய் வடத்தை இழுக்கிறது. அது தரைக்கு அடியில் நான்காகப் பிரிந்து, கப்பிகள் வழியாக நான்கு மூலைக்கும் போய், ஒன்றுக்குள் ஒன்று செருகிய தூண் குழாய்களை மேலே தள்ளுகிறது. பெரும்பாலான மாடல்களில் ஏற்பாடு இதுதான். பாதி வரை ஏறுகிறது என்றால் வின்ச்சும் தாய் வடமும் வேலை செய்கின்றன. முதல் அடுக்குக் குழாய் ஏறிவிட்டது, இரண்டாம் அடுக்கு மாட்டுகிறது என்பதுதான் அனேகமாக விஷயம். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும்.

கூரையை முழுதாக இறக்கி, நான்கு பூட்டுக் கொக்கிகளும் திறந்திருக்கின்றனவா என்று ஒரு முறை சுற்றி வந்து கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு கொக்கி மாட்டியிருந்தாலே இதே மாதிரிதான் இறுகும். கூரை மேல் எதுவும் ஏற்றி வைக்கக் கூடாது. பிறகு இறுகும் இடத்துக்குக் கொஞ்சம் கீழ் வரை ஏற்றி, நான்கு மூலையிலும் அந்த உயரத்துக்கு அறுத்த சவுக்குக் கட்டையோ ஜிஐ பைப்போ முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் கூரைக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது.

முட்டு நின்றதும் தூண் குழாய்களை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பின் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ் வேண்டாம். கிரானைட் லாரி ஓடும் நம் ஊர்ச் சாலையில் கிரீஸ் போட்ட குழாய் ஒரே வாரத்தில் உப்புத்தாள் ஆகிவிடும். கப்பி அச்சுகளுக்கு மட்டும் கிரீஸ் வைக்கலாம். வின்ச்சுக்குள் உராய்வு பிரேக் தட்டு இருந்தால் அதில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது. பட்டால் கூரை தானாக இறங்கும்.

வடத்தைச் சோதிக்க ஒரு பழைய பருத்தி பனியன் துணி போதும். துணியை வடத்தைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். எங்காவது நூல் மாட்டி இழுபட்டால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. வெறும் கையால் தடவாதீர்கள், அறுந்த கம்பி ஊசி மாதிரி ஏறும். ஓர் இழை போயிருந்தாலும் அந்த வடத்தை மாற்றிவிடுவதே சரி. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ லேத் பட்டறையில் அதே தடிமனில் வயர் ரோப் வாங்கி முனை அழுத்தித் தருவார்கள். பழைய வடத்தைக் கையோடு கொண்டுபோய் நீளம் அளந்து வாங்குங்கள். அரை அங்குலம் வித்தியாசமானாலும் கூரை கோணலாக ஏறும்.

கூரை சரியாகிவிட்டால், முழு உயரம் வர எத்தனை சுற்று என்று எண்ணி வண்டியிலேயே பெயின்டில் எழுதுங்கள். வடம் அறுவதற்கு அடுத்த பெரிய காரணம், ஏறி முடிந்த பிறகும் “இன்னும் கொஞ்சம்” என்று சுற்றுவதுதான்.

கூரையை விட எனக்குக் கவலை சக்கரம்தான். நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனால் உயிருக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது நல்ல முடிவு. நின்றே கிடந்த டிரெய்லரில் பேரிங்கும் டயரும்தான் முதலில் கெடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. 6 வருடம் தாண்டியிருந்தால் பட்டன் புதிதாக இருந்தாலும் மாற்றுங்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று வெயிலில் வெடித்துச் சாகிறது. ஸ்டெப்னியையும் பாருங்கள்.

பேரிங் வேலையை மெக்கானிக் செய்தாலும் பக்கத்தில் நில்லுங்கள். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. சுற்றினால் கரகரச் சத்தம் வரக் கூடாது. எப்படி இருந்தாலும் ஒரு முறை கழற்றி டீசலில் கழுவி, உருளைகளில் குழியோ நீலம் பாய்ந்த நிறமோ இருந்தால் புதிது போடுங்கள். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற முனையை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். மறுபக்கம் உருளைகளுக்கு இடையில் கிரீஸ் புழு மாதிரி வெளியே வரும்வரை விடக் கூடாது. மேலாகப் பூசினால் சீக்கிரமே காய்ந்துவிடும். ஆயில் சீலும் காட்டர் பின்னும் புதிதாக இருக்கட்டும். நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் இறுகும் அளவில் நிறுத்தி, காட்டர் பின்னைப் போட வேண்டும். இதை இறுக்கிப் போடுவதுதான் பட்டறைகளில் நடக்கும் தவறு.

அடுத்து கொக்கி. பொலேரோவின் பின்னால் நிற்கும் இரும்புப் பந்தை, டிரெய்லரின் மூக்கில் (முன் முனையில்) உள்ள கப்ளர் கவ்விப் பூட்டிக்கொள்ளும். பந்தின் மேல் அளவு பொறித்திருக்கும். 50 மி.மீ. கப்ளருக்கு 50 மி.மீ. பந்துதான். ஒன்றேமுக்கால் சொச்சம் அங்குலத்தில், அதாவது சுமார் 47.6 மி.மீ.யில் இன்னொரு பந்து சந்தையில் உண்டு. அதிலும் கப்ளர் பூட்டிக்கொள்ளும், ஆனால் முதல் பள்ளத்தில் கழன்று போகும். பூட்டியபின் முன்சக்கர ஜாக்கியால் டிரெய்லரின் மூக்கை உயர்த்துங்கள். பொலேரோவின் பின்பக்கம் சேர்ந்து எழுந்தால்தான் பூட்டு பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காக, பெருக்கல் குறி மாதிரி மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும். பந்தைத் தாங்கும் இரும்புச் சட்டமான டோ பாரை பம்பரில் வெல்டிங் வைத்திருந்தால் அப்படியே ஓட்டாதீர்கள், அது சேசிஸில் போல்ட் போட்டு நிற்க வேண்டும்.

விளக்குகளில் இன்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறதா? பல்பைத் தேடாதீர்கள், எர்த் வயர் பிடிக்கவில்லை. அதைச் சுரண்டிப் புதிதாக இறுக்கினால் பத்தில் ஒன்பது விளக்குப் பழுது அதோடு தீரும்.

எடை விஷயத்தில் ஊகம் வேண்டாம். சாமான் எல்லாம் ஏற்றி, மாங்காய் லாரி எடை போடும் மேடையில் டிரெய்லரை மட்டும் கழற்றி நிறுத்திப் பாருங்கள். பொலேரோவின் கையேட்டில் சொன்ன இழுக்கும் எடைக்குள் அது அடங்க வேண்டும். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருக்க வேண்டும். 600 கிலோ என்றால் 60 கிலோ. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் மேல் கட்டை வைத்து அதில் மூக்கை இறக்கினால் கணக்கு தெரிந்துவிடும். டோ பாரில் எழுதிய வரம்பை மட்டும் தாண்டக் கூடாது. தண்ணீர் கேன், பேட்டரி, சமையல் சாமான் எல்லாம் அச்சுக்கு நேர் மேலே. பின்னால் கனம் போனால் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே டிரெய்லர் வால் ஆட்டும். ஆட்டினால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள்; ஆக்ஸிலேட்டரை விட்டு, நேராகப் பிடித்து வேகம் குறைய விடுங்கள்.

ரிவர்ஸ் எடுக்க, அறுவடை முடிந்த ஒரு வெற்று நிலத்தில் இரண்டு மணி நேரம் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்தால் குழப்பம் போய்விடும்: கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரும் அந்தப் பக்கம். கொஞ்சம் திருப்பினால் போதும். கோணம் அதிகமானால் முன்னே எடுத்து நேராக்கி மறுபடி வாருங்கள்.

இனி விரிக்கும் முறை. இந்த வரிசையை மாற்றினால் ஏதாவது வளையும் அல்லது வண்டி சாயும். டிரெய்லர் பொலேரோவில் பூட்டியிருக்கும்போதே, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றிப் பக்கவாட்டு மட்டம் பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போதும். இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. அதற்குப் பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். முன்பின் மட்டத்தை ஜாக்கியால் சரி செய்து, நான்கு மூலை ஊன்றுகால்களை இறக்குங்கள். அடியில் ஓர் அடி சதுரப் பலகை வையுங்கள், இல்லையென்றால் ஏரிக்கரை மண்ணில் ராத்திரியில் இறங்கிவிடும். ஊன்றுகால் தரையைத் தொட்டதும் அரைச் சுற்று, அவ்வளவே. அதை வைத்து வண்டியைத் தூக்கினால் சேசிஸ் முறுக்கிக்கொண்டு கதவு மூடாது.

பிறகு கூரையின் பூட்டுக் கொக்கிகளைத் திறந்து கூரையை ஏற்றுங்கள். ஒரு மூலை பிந்தினால் உடனே நிறுத்துங்கள். கூரை முழுதும் நின்றபின் ஒரு பக்கப் படுக்கைத் தட்டை இழுத்து, அதன் இரண்டு தாங்குகம்பிகளையும் குழிக்குள் உட்கார வைத்து, அதன் பின் மறுபக்கம். தாங்குகம்பி இல்லாத தட்டில் பிள்ளைகள் ஏறினால் டிரெய்லரே கவிழும். கடைசியாகத் துணிக்கு உள்ளே வளைகம்பி, பிறகு கதவு. மூடும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள், கூரை இறங்கும்போது துணியை ஒருவர் உள்ளே தள்ளிக்கொண்டே வர வேண்டும். வெளியே பிதுங்கிய துணிதான் பயணத்தில் கிழியும்.

பூஞ்சைக்கு: முகத்தில் துணி கட்டி, வெளியில் வைத்துக் காய்ந்த பிரஷால் உதறுங்கள். ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து தடவி அரை மணி நேரம் விட்டு, மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நல்ல வெயிலில் காய விடுங்கள். பிளீச்சிங் பவுடரும் துணி துவைக்கும் பவுடரும் வேண்டாம், தையல் நூலையும் நீர் புகாத பூச்சையும் அவை தின்றுவிடும். கருப்புக் கறை முழுதும் போகாது. வாடை போனால் போதும். பருத்தி கலந்த கேன்வாஸ் என்றால் இரண்டு மூன்று முறை நன்றாக நனைத்துக் காய வையுங்கள். நூல் உப்பித் தையல் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். கூரை ஓரங்களில் தோட்டத்து ஹோஸ் பைப்பை 10 நிமிடம் காட்டி ஒழுகுகிறதா என்று பாருங்கள். தரைப் பலகையை, முக்கியமாகக் கதவு ஓரத்தில், ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் பலகை ஊறிப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும்.

காகிதம்: டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு. சேசிஸில் பொறித்த எண்ணும் ஆர்.சி. எண்ணும் ஒன்றா பாருங்கள். கர்நாடகப் பதிவு என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று (படிவம் 28), பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸும் டிரெய்லருக்குத் தனியாகக் கேட்டு எடுங்கள்.

முதல் இரவு ஒகேனக்கல் வேண்டாம். உங்கள் வீட்டு வாசலிலோ தெரிந்தவர் மாந்தோப்பிலோ தங்குங்கள், ஆனால் மரத்தடியில் வேண்டாம். மாம்பிசின் கேன்வாஸில் பட்டால் போகாது, கோடைக் காற்றில் கிளையும் முறியும். ஏப்ரல், மே மாலைகளில் இந்தப் பக்கம் இடியோடு வரும் காற்று திடீரென்று அடிக்கும். வானம் கறுத்தால் தட்டுகளை உள்ளே தள்ளிக் கூரையை இறக்கிவிடுங்கள். விரித்த பாப்-அப் கேம்பர் மழை தாங்கும், சூறைக்காற்று தாங்காது. அடுப்பும் கரி நெருப்பும் எப்போதும் வெளியே. 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் சாதாரண பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது சுமார் 600 வாட்-அவர். மூன்று எல்இடி விளக்கும் ஒரு சின்ன ஃபேனும் சேர்ந்து 40 வாட் என்றால் 8 மணி நேரத்துக்கு 320; ஒரு இரவுக்கு ஏராளம். இரண்டாம் இரவுக்கு முன் சார்ஜ் போட வேண்டும்.

போகும்போது முதல் 20, 30 கிலோமீட்டரில், தர்மபுரிக்கு வரும் முன்பே நிறுத்தி, சக்கர நடு மூடியில் கை வையுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் நட் இறுகியிருக்கிறது அல்லது கிரீஸ் போதவில்லை, அதற்கு மேல் போகக் கூடாது. சக்கர நட்டுகளையும் ஒரு முறை இறுக்குங்கள். பென்னாகரம் தாண்டி இறங்கும் மலைப்பாதையில் தொடக்கத்திலேயே இரண்டாவது கியருக்கு வந்து, இன்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். பிரேக் இல்லாத டிரெய்லரின் தள்ளு முழுதும் பொலேரோவின் பிரேக்கில் விழும். அதை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். அது யானை நடமாடும் காடு. சாலையோரம் நிறுத்தித் தங்க இடம் தேடாதீர்கள். காட்டுக்கு வெளியே, அனுமதி பேசிய பட்டா நிலத்தில் இருட்டுவதற்குள் விரித்துவிடுங்கள்.

திரும்பும் காலை பனியிலோ மழையிலோ துணி நனைந்திருந்தால் அப்படியே மடித்துக் கொண்டுவருவதில் தவறில்லை. ஆனால் அன்றைக்கே வீட்டில் விரித்துக் காய விடுங்கள். ஈரத்தோடு இரண்டு நாள் மூடிக் கிடந்தால் இப்போது கழுவிய பூஞ்சை மறுபடி வந்துவிடும்.